மேல் இரண்டு பட்டன்

ஜூன் 3, திங்கள்

தெய்வானை காலை ஏழு மணி பஸ்ஸில் உடுமலைக்குக் கிளம்பிப் போனாள். அவள் அக்காவுக்கு முழங்கால் ஆபரேஷன். மூன்று வாரமாவது அங்கே இருக்க வேண்டுமாம். போத்தனூர் வீட்டில் நானும் மின்விசிறியும் மட்டும்.

போவதற்கு முன் பீரோவைத் திறந்து காட்டினாள். என் சட்டைகள் எல்லாம் மேல் தட்டுக்குப் போயிருந்தன. கைக்கு எட்டுகிற தட்டில் தலை வழியாக மாட்டுகிற டி-ஷர்ட் ஏழு, புத்தம் புதிதாக.

"நான் வர்ற வரைக்கும் இதையே போட்டுக்கங்க. சட்டையெல்லாம் வந்து எடுத்துத் தர்றேன்" என்றாள்.

அறுபத்தாறு வயதில் என்னைக் காலேஜ் பையனாக்கப் பார்க்கிறாள். போன வருடத்திலிருந்தே இவளுக்கு என் மேல் பாசம் கூடிவிட்டது. தினமும் காலையில் அடுப்பைத் தணித்துவிட்டு வந்து என் சட்டைக்குப் பட்டன் போட்டுவிடுவாள். கல்யாணமான புதிதில்கூட இப்படியெல்லாம் செய்ததில்லை. நானும் தடுப்பதில்லை. வருகிற பாசத்தை எதற்குத் தடுக்க வேண்டும்?

இனி வேலை விஷயம். என்னோடு ரயில்வேயில் கார்டாக இருந்த காதர் பாஷாவின் மகள் ஆஃப்ரின் ஒரு கம்பெனி நடத்துகிறாள். கடைகளில் வாடிக்கையாளரை எப்படிக் கவனிக்கிறார்கள் என்று வேவு பார்த்துச் சொல்வதுதான் அந்தக் கம்பெனியின் தொழில். நான் சாதாரண ஆள் போலத் துணிக்கடைக்குள் போக வேண்டும். சட்டை பார்க்க வேண்டும், போட்டுப் பார்க்க வேண்டும், பிடித்தால் வாங்க வேண்டும். வெளியே வந்ததும் செல்போனில் இருக்கிற இருபது கேள்விகளுக்குப் பதில் சொல்லி நூற்றுக்கு மதிப்பெண் போட வேண்டும். அவினாசி ரோட்டு மாலில் நான்கு கடைகள் என் பொறுப்பு. நான் யார் என்று யாரிடமும் சொல்லக் கூடாது. கடையின் பெயரை எங்கேயும் எழுதக் கூடாது. பார்த்ததை அன்றன்றே குறித்து வைக்கச் சொன்னாள், அதற்காகத்தான் இந்த டைரி.

முப்பத்து நான்கு வருடம் டிக்கெட் பரிசோதகராக இருந்தவனுக்கு இதைவிடப் பொருத்தமான வேலை கிடையாது. முகத்தைப் பார்த்தே ஆளைப் பிடித்தவன் நான்.

இந்தப் பேனா மோசம். எழுத்து கோழி கிளறின மாதிரி வருகிறது. வேறு வாங்க வேண்டும்.

ஜூன் 5, புதன்

முதல் கடை, தரைத்தளம், பெண்கள் துணி. மனைவிக்குச் சுடிதார் வேண்டும் என்று சொல்லிக்கொண்டு போனேன். தெய்வானை கேட்டால் விழுந்து விழுந்து சிரிப்பாள், அவள் சேலையைத் தவிர எதையும் தொட்டதில்லை.

குறை கண்டுபிடிக்கத்தான் போனேன். ஆனால் அங்கே நடந்த ஒன்றைப் பார்த்து வாயடைத்து நின்றேன். ஓர் அம்மாவும் பதினேழு வயது மகளும் கையில்லாத ஒரு குர்தியை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு சண்டை. அம்மா கூடாது என்கிறாள், மகள் இதுதான் வேண்டும் என்கிறாள். பாதிக் கடை வேடிக்கை பார்க்கிறது. விற்கிற பெண் இரண்டு பேருக்கும் பரிந்து பேசவில்லை. "அம்மா, பாப்பா போட்டுட்டு வரட்டுங்க. நீங்க இந்தப் பையை வெச்சுட்டு அந்தக் கண்ணாடிக் கதவுகிட்ட நில்லுங்க. வெளிச்சத்துல பார்த்துட்டுச் சொல்லுங்க" என்று தள்ளி நிற்க வைத்தாள். மகள் போட்டுக்கொண்டு வந்தாள். அம்மா இருபதடி தூரத்திலிருந்து பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். குரல் இறங்கிவிட்டது.

"எப்படீங்க இவ்வளவு உசரமாயிட்டா?" என்று யாரிடமோ கேட்டார்.

அப்போதுதான் அந்தப் பெண் குர்தியின் உள்பக்கத்தைத் திருப்பி, அங்கே தனியாகப் பிணைத்து வைத்திருந்த கைத் துணியைக் காட்டினாள். "வேணும்னா வெச்சுத் தெச்சுக்கலாங்க." அதை முதலிலேயே காட்டியிருந்தால் அம்மா ஜெயித்திருப்பார், மகள் தோற்றிருப்பாள். அந்தப் பெண் எதை எப்போது காட்ட வேண்டும் என்று தெரிந்து காத்திருந்திருக்கிறாள். தொண்ணூற்றாறு போட்டேன்.

கேள்விகளுக்கு விரலால் தட்டிப் பதில் எழுதலாம், வாயால் சொன்னாலும் போனே எழுதிக்கொள்ளும். நான் வாயால்தான் சொன்னேன். இந்தக் காலத்துப் போனில் எழுத்தெல்லாம் எறும்பு அளவு.

ஜூன் 6, வியாழன்

காபி கொட்டிவிட்டது. இந்த டம்ளரின் விளிம்பு சரியில்லை. இனிமேல் அரை டம்ளர்தான்.

ஜூன் 8, சனி

இரண்டாவது கடை, முதல் மாடி. இங்கே ஒரு சேல்ஸ்மேன், வாசலில் நின்றபடியே என்னைப் பார்த்து "இடுப்பு முப்பத்தெட்டு, சட்டை நாப்பத்திரெண்டு. சரிங்களா சார்?" என்றார். பத்தடி தூரம். நான் தொப்பையை எக்கிக்கொண்டு வேறு நின்றேன். அப்படியும் தப்பவில்லை. இந்த மாலில் எல்லோருமே மாயக்காரர்களாக இருப்பார்கள் போலிருக்கிறது.

ட்ரயல் ரூமில் சட்டையை விதிப்படி கொடுத்தார். குண்டூசி எடுத்து, எல்லாப் பட்டனையும் கழற்றி, விரித்து. ஆனால் இப்போதெல்லாம் பட்டன் ஓட்டையைக் கஞ்சத்தனமாக வெட்டுகிறார்கள். ஒரு பட்டன்கூட உள்ளே போக மாட்டேன் என்கிறது. இருபது நிமிடம் மல்லுக்கட்டினேன். "சார், ஆச்சுங்களா?" என்று மூன்று தடவை கதவைத் தட்டினார்கள். கடைசியில் டி-ஷர்ட்டை மாட்டிக்கொண்டு வெளியே வந்து நிறம் பிடிக்கவில்லை என்று சொல்லிவிட்டேன். முதுகெல்லாம் வியர்வை. ஏசி சரியில்லை.

விதிப்படி எல்லாம் சரியாகத்தான் செய்தார்கள். ஏசிக்கு மட்டும் குறைத்துத் தொண்ணூற்றொன்று.

ஜூன் 10, திங்கள்

தெய்வானை போன் செய்தாள். அக்கா எழுந்து நாலு அடி நடந்தாராம்.

"ஏனுங்க, டி-ஷர்ட் தான போடறீங்க?"

"ஆமா, ஆமா."

"பீரோவுல டாக்டர் சீட்டு வெச்சிருக்கேன். பார்த்தீங்களா?"

பருப்பு எங்கே இருக்கிறது என்று கேட்டேன். சொன்னாள். மறுபடியும் சீட்டைப் பற்றி ஆரம்பித்தாள். முப்பத்து நான்கு வருடம் ஆடுகிற வண்டியில் நின்றே காலம் தள்ளியவனுக்கு உடம்பில் கொஞ்சம் ஆட்டம் தங்கத்தான் செய்யும், அதற்கெல்லாம் நரம்பு டாக்டரா என்றேன். பிறகு அக்கா கூப்பிடுகிறாள் என்று வைத்துவிட்டாள்.

ஜூன் 12, புதன்

மூன்றாவது கடை. இரண்டாம் மாடி, ஆண்கள் சட்டை. முதல் கேள்விக்காக வாசலில் நின்று விளக்குகளை எண்ணிவிட்டு உள்ளே போனேன். என்னைக் கவனிக்க வந்தவரின் பேட்ஜில் கனகமணி என்று இருந்தது. நாற்பது வயது இருக்கலாம். மெலிந்த தேகம், கழுத்தில் அளவு நாடா.

"வாங்க சார். உங்களுக்குங்களா, வேற ஆருக்காவதுங்களா?"

"எனக்குத்தான் அம்மணி. வெள்ளையில முழுக்கைச் சட்டை. கை மடிப்புல பட்டன் வெச்சது."

சொல்லிக்கொண்டே அடுக்கிலிருந்து ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். அவர் ஒரே ஒரு முறை பார்த்தார். அதற்குப் பிறகு என் கைப் பக்கமே திரும்பவில்லை, முகத்தைப் பார்த்தே பேசினார். நான் எடுத்த சட்டை எப்படியோ ஹேங்கரோடு கீழே விழுந்தது. "இந்த ஹேங்கர் எப்பவுமே வழுக்குங்க சார்" என்று அவரே எடுத்து மாட்டினார்.

பிறகு என்ன செய்தார் தெரியுமா? முழுக்கை கேட்டவனிடம் அரைக்கை இரண்டு எடுத்து வந்தார், ஒன்று வெள்ளை, ஒன்று இளநீலம். "முழுக்கையும் இருக்குதுங்க. அதுக்கு முந்தி இதை ஒருக்காப் போட்டுப் பாருங்க சார். இந்த வெயிலுக்கு இதுதான் உங்களுக்கு எடுப்பா இருக்கும்." கேட்டதைக் கொண்டுவர வேண்டும் என்பது ஆறாவது கேள்வி. பூஜ்யம்.

ட்ரயல் ரூம் வாசலில் நீலச் சட்டையை நீட்டினார். எல்லாப் பட்டனும் போட்டபடி! மேல் இரண்டு மட்டும் திறந்திருந்தது. பட்டன் முழுவதும் கழற்றித்தான் தர வேண்டும் என்று ஒன்பதாவது கேள்வி கொட்டை எழுத்தில் சொல்கிறது. இதற்கும் பூஜ்யம்.

சரி, இருக்கிறபடி போடுவோம் என்று தலையை விட்டேன், கையை விட்டேன். அரை நிமிடம்கூட ஆகவில்லை. தோளில் அப்படியே உட்கார்ந்துவிட்டது. கண்ணாடியில் நன்றாக உடுத்திய ஓர் ஆள் நின்றிருந்தான். என்னைப் பார்த்து நானே சிரித்துக்கொண்டேன். வெளியே ஒருவரும் கதவைத் தட்டவில்லை. திறந்தபோது கனகமணி எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, எதிர்ச் சுவரில் இருந்த பெல்ட்டுகளை ஒழுங்கு செய்துகொண்டிருந்தார்.

பில் போடும்போது பெயரும் நம்பரும் எழுதுகிற சீட்டு. அதை வாடிக்கையாளர்தான் எழுத வேண்டும். "நீங்க சொல்லுங்க சார், நான் எழுதிக்கறேன்" என்று அவரே எழுதினார். பன்னிரண்டாவது கேள்வி, பூஜ்யம். கடைசியில் பையை இரண்டு கையாலும் கொடுத்து நன்றி சொல்ல வேண்டும். இவர் பையை என் முழங்கையில் மாட்டிவிட்டார்! பதினைந்து, பூஜ்யம்.

நான்கும் பெரிய கேள்விகள். மொத்தம் ஐம்பத்து நான்கு. சட்டம் என்றால் சட்டம்தான். சொந்த மச்சானுக்கே அபராதச் சீட்டு கிழித்தவன் நான்.

இருந்தாலும் ஒன்றைச் சொல்ல வேண்டும். இந்த அம்மாளிடம் ஏதோ இருக்கிறது. அந்தக் கடையை விட்டு வெளியே வந்தபோது என் மனசு அவ்வளவு லேசாக இருந்தது. எஸ்கலேட்டரில் சீட்டியடித்துக்கொண்டே இறங்கினேன். ஏன் என்று யோசித்துப் பார்த்தேன், விளங்கவில்லை. படிவத்தில் அதற்குக் கேள்வியும் இல்லை.

ஜூன் 15, சனி

நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு மார்க்கெட் போனேன். வாங்கி வந்த நிலையிலேயே பட்டன் போட்டு வைத்திருக்கிறேன், தலை வழியாக மாட்டினால் வேலை முடிந்தது. வாழைக்காய்க் கடைக்காரர், "என்னுங்க, மாப்பிள்ளையாட்டம்?" என்றார்.

ஜூன் 17, திங்கள்

இன்று நான்காவது கடைக்குப் போக வேண்டிய நாள். அதுவும் இரண்டாம் மாடிதான், கனகமணியின் கடைக்கு நேர் எதிர். பதினொரு மணிக்குத்தான் திறப்பார்கள் என்றார்கள். நடைபாதையில் போட்டிருந்த பெஞ்சில் உட்கார்ந்தேன். எதிரே கண்ணாடிச் சுவர். உள்ளே கனகமணி.

முதலில் ஓர் இளைஞன். அவனிடம் கொடுப்பதற்கு முன் சட்டையின் கழுத்திலிருந்து கீழே வரை விரல்களை ஒரு தடவை ஓட்டினார். எல்லாப் பட்டனும் கழன்றுவிட்டன. எண்ணிப் பார்க்கக்கூட எனக்கு நேரமில்லை. அடுத்தது தொப்பைக்காரர் ஒருவர், அவருக்கும் அப்படியே. மூன்றாவது ஆளுக்கும் அப்படியே. பையை இரண்டு கையாலும் கொடுத்தார், சீட்டை வாடிக்கையாளரிடமே நீட்டினார். விதி தெரியாதவர் இல்லை. விதி எல்லாம் விரல் நுனியில் இருக்கிறது. அப்படியானால் எனக்கு மட்டும் என்ன வந்தது? கோபமாகக்கூட இருந்தது.

பிறகு வலது மணிக்கட்டில் மாவுக்கட்டு போட்ட ஒருவர் வந்தார். கனகமணி அந்தக் கட்டை ஒரே ஒரு முறை பார்த்தார். பிறகு அந்தப் பக்கமே பார்க்கவில்லை. அரைக்கைச் சட்டை ஒன்றை எடுத்தார். மேல் இரண்டு பட்டனை மட்டும் திறந்தார். மற்றதை அப்படியே விட்டு நீட்டினார்.

நான் பெஞ்சிலிருந்து எழுந்துவிட்டேன்.

அந்த ஆள் ஒரு நிமிடத்தில் சட்டையோடு வெளியே வந்தார், முகமெல்லாம் சிரிப்பு. கனகமணி பெல்ட் அடுக்கிக்கொண்டிருந்தார். சீட்டை அவரே எழுதினார். பையை அந்த ஆளின் முழங்கையில் மாட்டினார். அந்த ஆளுக்குத் தனக்கு எதுவும் விசேஷமாகச் செய்யப்பட்டதாகவே தெரியவில்லை. தானாகப் போட்டுக்கொண்டோம் என்ற பெருமிதத்தில் போய்விட்டார்.

இப்படி ஓர் அறிவை நான் என் ஆயுளில் கண்டதில்லை. எத்தனை ஆயிரம் முகம் பார்த்திருப்பேன்? எல்லாம் குற்றம் கண்டுபிடிக்கப் பார்த்த முகங்கள். இந்த அம்மாள் ஒரு பார்வையில் மனிதனின் கஷ்டத்தைக் கண்டுபிடித்து, கண்டுபிடித்தது அவனுக்கே தெரியாமல் தீர்த்துவைத்து அனுப்புகிறார்.

நான் கட்டு எதுவும் போட்டிருக்கவில்லையே, எனக்கு எதற்கு அப்படிக் கொடுத்தார் என்று எழுத வந்தேன். எதற்கென்று எனக்குத் தெரியும். இன்றைக்கு இத்தோடு போதும்.

நான்காவது கடைக்குப் போகவில்லை.

ஜூன் 18, செவ்வாய்

காலை முதல் வேலையாக ஆஃப்ரினுக்குப் போன் செய்தேன். பன்னிரண்டாம் தேதி மதிப்பெண்ணை மாற்ற வேண்டும் என்றேன்.

"அது கடைக்குப் போயிடுச்சே அங்கிள். மேனேஜர் கேமராவும் பார்த்துட்டாங்க. நீங்க சொன்னது அத்தனையும் கரெக்ட்னு பாராட்டி மெயில் போட்டிருக்காங்க."

"இல்லம்மா. தப்புப் போட்டுட்டேன்."

"அங்கிள், அந்த அம்மாவுக்கு ஏப்ரல்லயும் அறுபதுக்குக் கீழ. வேற ஆள் போட்டது. ரெண்டு தடவை கீழ வந்தா நிறுத்திடுவாங்க. இந்த மாசக் கடைசியோட அவங்க வேலை முடியுது."

ஏப்ரலில் எதற்குக் குறைத்தார்களாம் என்று கேட்டேன். தேடிப் பார்த்துச் சொன்னாள். ஒரு வாடிக்கையாளரை வாசலுக்கு வெளியே லிஃப்ட் வரை கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தாராம், கடையை விட்டு வெளியேறினார் என்று எழுதியிருக்கிறார்கள். அந்த வாடிக்கையாளர் யாரோ, அவருக்கு என்ன கஷ்டமோ. எழுதினவனுக்கு அது தெரிந்திருக்காது. என்னைப் போல ஒரு மடையன்.

"மறந்துபோய்த் தப்பா எழுதிட்டேன்னு போட்டுக்கம்மா."

"ஒத்துக்க மாட்டாங்க அங்கிள். அவங்க பட்டனோட குடுத்தது கேமராவுல இருக்கே. ஏன் அப்படிக் குடுத்தாங்கன்னு காரணம் இருந்தாத்தான் மாத்த முடியும். திருத்தப் படிவம் அனுப்பறேன், திங்கட்கிழமைக்குள்ள காரணத்தைச் சொல்லிடுங்க. காரணம் இருக்குங்களா?"

"இருக்கு."

"என்ன அங்கிள்?"

அப்புறம் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன்.

ஜூன் 19, புதன்

ஒரு யோசனை தோன்றியது. கனகமணியே மேனேஜரிடம் காரணத்தைச் சொல்லிவிட்டால் நான் சொல்ல வேண்டியதில்லை. கடைக்குப் போனேன்.

"வாங்க சார். நீலம் சரியா இருந்துச்சுங்களா?"

"பிரமாதம் அம்மணி. ஒரு சந்தேகம். அன்னிக்கு எனக்குச் சட்டையைப் பட்டனோட குடுத்தீங்களே. ஏன்?"

அவர் மடித்துக்கொண்டிருந்த சட்டையை முழுவதும் மடித்து அடுக்கில் வைத்தார்.

"மறந்துட்டனுங்க சார்."

"மேனேஜர் கேட்டாரா?"

"கேட்டாருங்க. அவருகிட்டயும் மறந்துட்டேன்னு தான் சொன்னேன்."

"வேற காரணம் இருந்தாச் சொல்லியிருக்கலாமே?"

"வர்றவங்க சமாச்சாரத்தை நாங்க மேனேஜருகிட்டப் பேசறதில்லீங்க" என்றார். குரலில் கோபமில்லை, வருத்தம்கூட இல்லை. "இன்னிக்கு ஒரு சந்தன நிறம் வந்திருக்குதுங்க சார். உங்களுக்குன்னே வந்தாப்பல இருக்குது. பாருங்களேன்."

எடுத்து நீட்டினார். மேல் இரண்டு பட்டன் மட்டும் திறந்திருந்தது.

வேலை போகப்போகிறது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தப்பித்திருக்கலாம். என் கையைப் பற்றி இன்னொருவரிடம் பேச வேண்டாம் என்று பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டு நிற்கிறார். நின்றுகொண்டு மறுபடியும் அதே மாதிரி சட்டை கொடுக்கிறார். இவரை என்னவென்று சொல்வது? எனக்குக் கும்பிட வேண்டும் போலிருந்தது. கும்பிடவில்லை, சட்டையை வாங்கிக்கொண்டு ட்ரயல் ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஜூன் 20, வியாழன்

திருத்தப் படிவம் வந்திருக்கிறது. மூன்று தடவை திறந்தேன். மூன்று தடவையும் மூடிவிட்டேன்.

ஜூன் 21, வெள்ளி

காலை பத்து மணிக்குத் தெய்வானைக்குப் போன் செய்தேன். அக்கா எப்படி இருக்கிறார், கீழ்வீட்டுப் பூனை குட்டி போட்டது என்றெல்லாம் பேசினேன். அப்புறம் சொன்னேன்.

"தெய்வானை, எனக்குக் கை நடுங்குது."

"ம்."

"பட்டன் போட வரல. எழுத்து கோணுது. காபி கொட்டுது."

"தெரியுமுங்க" என்றாள். அழுகிறாள் என்று குரலில் தெரிந்தது. "நீங்களா எப்பச் சொல்லுவீங்கன்னு தான் பார்த்துட்டு இருந்தேன்."

அவளே டாக்டரிடம் அடுத்த வியாழனுக்கு நேரம் வாங்குவதாகச் சொன்னாள். சரி என்றேன். ஒரு வருடமாக அவள் வாயிலிருந்து வரக் காத்திருந்த பெருமூச்சு அப்போது வந்தது.

பிறகு மாலுக்குப் போனேன். வீட்டிலிருந்தே சொல்லியிருக்கலாம், ஆனால் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து சொல்ல வேண்டும் போலிருந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கனகமணி யாருக்கோ காலர் அளவு எடுத்துக்கொண்டிருந்தார். போனை வாயருகே வைத்துக்கொண்டு பேசினேன். பக்கத்தில் ஐஸ்கிரீம் தின்றுகொண்டிருந்த குடும்பம் திரும்பிப் பார்த்தது. பார்க்கட்டும். நான் சொன்னதைப் போன் எழுதியபடியே இங்கே எழுதுகிறேன்.

"திருத்தக் காரணம். அன்றைக்கு வந்த வாடிக்கையாளருக்கு இரண்டு கையும் நடுங்கும். கை மடிப்பில் பட்டன் போட முடியாது, அதனால் அரைக்கை கொண்டுவந்தார். முன்பக்கப் பட்டனும் போட முடியாது, அதனால் தலை வழியாக மாட்டும்படி கொடுத்தார். பேனா பிடித்தால் எழுத்து கோணும், அதனால் அவரே எழுதினார். பை நழுவிவிடும், அதனால் முழங்கையில் மாட்டினார். இதில் ஒன்றைக்கூட வாடிக்கையாளர் வாய் திறந்து கேட்கவில்லை. கேட்க வெட்கப்பட்டார். நான்கு கேள்விக்கும் முழு மதிப்பெண் தர வேண்டும். அந்த வாடிக்கையாளர் நான்தான். பெயர் சிதம்பரநாதன், ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவன்."

அனுப்பு என்ற பொத்தானை அழுத்த விரல் நாலு தடவை தவறியது. ஐந்தாவது தடவை போய்ச் சேர்ந்தது.

ஜூன் 22, சனி

பதில் இல்லை.

ஜூன் 24, திங்கள்

பதில் இல்லை. ஆஃப்ரின் போனை எடுக்கவில்லை. மாசக் கடைசிக்கு இன்னும் ஆறு நாள்.

ஜூன் 25, செவ்வாய்

ஒன்பதே முக்காலுக்கு ஆஃப்ரின் கூப்பிட்டாள்.

"அங்கிள், ஒத்துக்கிட்டாங்க. அந்த அம்மா வேலையில இருக்காங்க. நீங்க சொன்னதை மேனேஜர் ரெண்டு தடவை படிச்சாங்களாம்." கொஞ்சம் தயங்கினாள். "ஆனா நீங்க பேரைச் சொல்லிட்டீங்க. இனிமே உங்களை எந்தக் கடைக்கும் அனுப்ப முடியாது. வாப்பாகிட்டச் சொன்னேன். அவருக்கு உங்களைப் பார்க்கணுமாம்."

எனக்கு வேலை போனதைப் பற்றிச் சொன்னது காதில் சரியாகவே விழவில்லை. குளித்துவிட்டுச் சந்தன நிறச் சட்டையைத் தலை வழியாக மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

கடையில் அப்போது கூட்டமில்லை. கனகமணி வாசலிலேயே பார்த்துவிட்டார்.

"வாங்க சார். இன்னிக்கு என்னங்க பார்க்கறீங்க?"

"ஒண்ணும் வாங்க வரல அம்மணி. ஒரு விஷயம் சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்." வரும் வழியெல்லாம் பேசிப் பார்த்துக்கொண்டு வந்த வாக்கியம் ஒன்றும் நினைவில் இல்லை. "அன்னிக்கு உங்களைப் பத்தி எழுதிக் குடுத்த ஆளு நான்தான்."

"தெரியுங்க சார்."

"மேனேஜர் சொன்னாரா?"

"இல்லீங்க. நீங்க மொதல் நாள் வந்தப்பவே தெரியும்." அவர் சிரித்தார். "வாசல்ல நின்னு மேல பார்த்து லைட்டு எத்தனை எரியுதுன்னு எண்ணுனீங்க. சட்டை வாங்க வர்றவங்க சட்டையைத்தான் பார்ப்பாங்க. லைட்டை எண்ணுறவரு மார்க் போட வந்தவருதான்."

நான் அவர் முகத்தையே பார்த்தேன். ஏப்ரலில் ஒரு தடவை கீழே போனவர். இன்னொரு தடவை போனால் வேலை இல்லை என்று தெரிந்தவர். எதிரே நிற்பவன் மார்க் போட வந்தவன் என்றும் தெரியும். விதிப்படி எல்லாப் பட்டனையும் கழற்றிக் கொடுத்திருந்தால் நூற்றுக்கு நூறு. நான் உள்ளே இருபது நிமிடம் போராடிவிட்டு வந்து ஏசியைக் குறை சொல்லியிருப்பேன்.

"தெரிஞ்சுமா அம்மணி அப்படிக் குடுத்தீங்க?"

அவருக்கு என் கேள்வி புரியவில்லை என்று நினைக்கிறேன்.

"மார்க் போட வந்தவரா இருந்தாலும் சட்டை போடோணுமில்லீங்க சார்?"

அதற்குள் வேறு யாரோ கடைக்குள் வந்தார்கள். "வாங்க, வாங்க" என்று அந்தப் பக்கம் திரும்பினார். நான் இரண்டு கையையும் தூக்கி, அது நடுங்குகிறபடியே, எல்லோரும் பார்க்கக் கும்பிட்டேன்.